பெரிய டிரேடுக்குப் பிறகு அணியின் கையிருப்பைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான NBA-வில் பெரிய டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) நடந்த அன்று எல்லோரும் களமிறங்கும் முதல் ஐந்து பேரை எழுதிப் பார்ப்பார்கள். நான் சம்பளப் பட்டியலை எடுப்பேன். கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு வேறென்ன வரும்? ஆனால் 2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு நட்சத்திர வீரர் கெவின் டுராண்ட் வந்தபோது நானும் கணக்கை மறந்து குதித்தவன்தான். ஜூனில் பிராட்லி பீலும் வந்த பிறகுதான் தாளை எடுத்தேன்.

சம்பளங்களைப் பெரியதிலிருந்து எழுதுங்கள். 2024–25 பருவத்தில் டுராண்டுக்கு 5.1 கோடி டாலர், பீலுக்கு 5 கோடி, முன்பே அணியில் இருந்த டெவின் புக்கருக்கு 4.9 கோடி. மூன்று பேருக்கே 15 கோடி. ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு அந்த வருட உச்சவரம்பே 14.06 கோடிதான். அதைத் தாண்டலாம், தப்பில்லை. வினை 18.89 கோடியில் இருக்கிறது. அதுதான் 'இரண்டாவது ஏப்ரன்', தாண்டினால் கடும் கட்டுப்பாடுகள் வரும் எல்லை. அங்கே சிவப்பு மையில் ஒரு கோடு போடுங்கள்.

சன்ஸ் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தது. அங்கே இருக்கும் அணி கொடுக்கும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரையும் வாங்க முடியாது. சன்ஸில் இருந்த நுர்கிச்சுக்கு 1.8 கோடி, கிரேசன் ஆலனுக்கு 1.56 கோடி. கூட்டினால் 3 கோடிக்கு மேல் வருகிறது, ஆனால் கூட்டக் கூடாது! இரண்டு இருநூறு ரூபாய் நோட்டை நீட்டினால், 'ஒரே நோட்டாகக் கொடு' என்று கடைக்காரர் அடம்பிடிப்பது போல.

சரி, பெரிய நோட்டையே நீட்டலாமா? மயாமி அணியிலிருந்து நட்சத்திர வீரர் ஜிம்மி பட்லர் கிளம்பத் தயாரானபோது அவர் சம்பளம் 4.88 கோடி. ஈடுகட்ட அந்த மூவரில் ஒருவரைத்தான் கொடுக்க வேண்டும். பீல் சம்மதிக்காமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. பட்லர் கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போனார். அதனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'நகர்த்த முடியுமா?' என்று ஒரு கட்டம் வையுங்கள். என் அனுபவத்தில் சம்பளத்தைவிட இந்தக் கட்டம்தான் அதிகம் பேசும்.

அப்புறம் டிராஃப்ட், அதாவது அணிகள் வருடாவருடம் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. டுராண்டுக்காக 2023, 2025, 2027, 2029 முதல் சுற்றுத் தேர்வுகள் போயின. அடுத்தடுத்த வருடங்களின் முதல் சுற்றை விற்க விதி இடம் தராது; ஆகவே இடைப்பட்ட வருடங்களை 'மாற்றிக்கொள்ளும் உரிமை'யாகக் கொடுத்தார்கள். தாளில் தேர்வு இருப்பதுபோல் தெரியும், ஆனால் நல்ல இடம் எதிராளிக்குத்தான் போகும். அவற்றை எண்ணாதீர்கள். 2025 ஜனவரியில் 2031-இன் முதல் சுற்றை யூட்டா அணியிடம் கொடுத்து, மதிப்புக் குறைந்த மூன்று முதல் சுற்றுகளை வாங்கினார்கள். சில்லறை மாற்றியது அவ்வளவுதான்.

கடைசி வரி, ஆடாதவருக்குப் போகும் பணம். 2024–25 பருவம் சன்ஸுக்கு 36 வெற்றியோடு முடிந்தது. 2025 ஜூலையில் பீலை விடுவித்து, அவருக்குத் தரவேண்டிய பாக்கியைப் பல வருடங்களுக்குப் பிரித்தார்கள். சன்ஸ் தாளில் அவர் பெயர் அதிலிருந்து ஐந்து வருடங்களுக்கு இருக்கும், வருடம் சுமார் 1.9 கோடி டாலரோடு.