அப்பாவின் முழங்காலும் ஒரு கேஸ் ஷீட்டும்

முழங்கால் மாற்று அறுவை முடிந்த ஒன்பதாம் நாள் அப்பாவுக்குத் தையலில் சீழ் வைத்தது. "சர்க்கரை இருக்கிறவருக்கு இதெல்லாம் சகஜம்" என்று மருத்துவமனையில் கைகழுவிவிட்டார்கள். கழுவ வேண்டிய நேரத்தில் கழுவினார்களா தெரியாது.

கோபத்தோடு வக்கீலிடம் போனேன். "தொற்று வந்தது மட்டும் போதாது சார், கவனக்குறைவைக் காட்டணும். முதல்ல கேஸ் ஷீட் வாங்குங்க" என்றார். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. வாய்மொழியாகக் கேட்டு மூன்று முறை அலைந்தது வீண். பதிவுத் தபாலில் கேட்டதும் வந்துவிட்டது. விஷயமே அதில்தான் இருந்தது: ஐந்தாம் நாளே காய்ச்சல் 102. எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் எடுத்ததோ பதினோராம் நாள்!

அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். சிகிச்சைக்குக் கட்டிய பணம் 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. கேட்கும் நஷ்டஈட்டை அதற்குக் கணக்கில் எடுப்பதில்லை. வேறொரு எலும்பு மருத்துவரின் கருத்தை எழுதி வாங்குவதுதான் பெரும்பாடு. நான்காவதாகப் பார்த்தவர்தான் சம்மதித்தார். அதை இணைத்த பிறகு, சமரசப் பேச்சிலேயே, அந்தத் தொற்றால் அப்பாவுக்குச் செய்ய வேண்டிவந்த இரண்டாம் அறுவையின் செலவைத் தந்துவிட்டார்கள்.