ஏற்காடு மலைப்பாதையில் கண்ணாடி மங்கியபோது

மார்கழி விடியலில் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து காரில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறியதும் முன்கண்ணாடி பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. வைப்பர் போட்டும் போகவில்லை. விரல் வைத்துப் பார்த்தேன், ஈரம் உள்பக்கம்! ஐந்து பேர் விட்ட மூச்சு, குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கிறது. துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. பின்னால் அம்மா "முருகா, முருகா" என்கிறார். பயந்துதான் போனேன்.

"மாமா, ஓரங்கட்டி ஏசியப் போடுங்க" என்றான் மச்சினன். ஏசி ஈரத்தை இழுத்துவிடும். ஹீட்டரோடு சேர்த்தே ஓடும். காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்தேன். கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்தது.

வெளியே மூடுபனி அப்படியேதான். அதற்கு லோ பீம், அதாவது தாழ்ந்து விழும் முன்விளக்கு மட்டும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.