ஹீலியமா காத்தா? பலூன் சோடினையில விடக்கூடாத பிழையள்

திருகோணமலையில பேர்த்டே சோடினை செய்யிற பெடியள் கூடிட்டினம், நல்ல விசயம். ஆனா நாங்கள் தொடங்கேக்க விட்ட பிழையையே அவையும் விடேக்க பாத்துக்கொண்டு இருக்க ஏலாமக் கிடக்கு. முடிச்சு இறுக்கிப் போடு, அளவா ஊது எண்டதெல்லாம் யூடியூப்பில இருக்கு, அதை விடுவம்.

ஆர்ச்சுக்கு (பலூன் வளைவுக்கு) ஹீலியம்

வேண்டாம். கம்பியில கட்டுற பலூன் ஏன் பறக்கோணும்?

பீச்சில ஹீலியம்

இதைக் கண்டா எனக்கு இண்டைக்கும் விசர் வரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பார்ட்டி எண்டா கஸ்டமர் கேக்கிறதே பறக்கிற பலூன் தான், புதுசா வந்தவரும் ஓமெண்டு தலையாட்டிட்டு சிலிண்டருக்கு அட்வான்ஸைக் குடுத்திடுவார். கணக்கைப் பாருங்கோ. 11 இஞ்சி ரப்பர் பலூனுக்கு கிட்டத்தட்ட 14 லீற்றர் ஹீலியம் போகும், பலூன்ர பாரம் போக அது தூக்கிறது ஒரு 10 கிராம் தான். மணிக்கு 18 கிலோமீற்றர் காத்து அதே பலூனைப் பக்கவாட்டில ஒரு 40 கிராம் அளவுக்குத் தள்ளும், பீச்சில அதெல்லாம் ஒரு காத்தே இல்லை. பிறகு எங்க நிமிந்து நிக்கிறது, படுத்திடும்.

எங்கட பீச் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர், கச்சான் எண்ட தென்மேல் காத்து அடிக்கிறதும் அப்பத்தான். போன சீசன் நிலாவெளியில ஒரு பிள்ளைக்கு முதலாம் பிறந்தநாள், கதிரைக்கு மூண்டு பலூன் எண்டு கட்டி வச்சிருந்தாங்கள், ஆக்கள் வர முதலே ரிபன் எல்லாம் ஒண்டோட ஒண்டு முறுகி, பலூன் கதிரைக் காலில அடிபட்டு வெடிக்கத் தொடங்கீட்டுது, அம்மம்மா பிள்ளையின்ர காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறா, கிச்சினில இருந்த தம்பி கேக் வெட்டுற கத்தியால ரிபனை அறுத்து எடுக்கிறான். அறுந்ததில கொஞ்சம் புறாத்தீவுப் பக்கமாக் கடலுக்குப் போயிட்டுது. அங்க முருகைக்கல்லும் ஆமையும், ரப்பர் துண்டை ஆமை தீனி எண்டு விழுங்கும். ஹீலியக் காசும் போச்சு, கஸ்டமரும் போச்சு.

பீச்சுக்கு காத்துப் பலூன், மண் நிரப்பின வாளியில ஊண்டின கம்பு, அவ்வளவுதான். வெயிலுக்குப் பலூனுக்குள்ள இருக்கிற காத்து விரியும், அதால கொஞ்சம் சின்னனா ஊதுங்கோ, கறுப்பு, கடும் நீலம் தான் முதல் வெடிக்கும். பறக்கிற பலூன் வேணுமெண்டே நிண்டா கேக் மேசையை ஹோலுக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ.

முதல்நாள் இரவே ஹீலியம் அடிக்கிறது

ஹீலியம் அணு சின்னன், ரப்பருக்குள்ளால கசியும். 11 இஞ்சிப் பலூன் நிண்டா 12, கூடினா 20 மணித்தியாலம், எங்கட வெக்கைக்கு அதுவும் சந்தேகம். பின்னேரம் பார்ட்டி எண்டா மத்தியானம் அடியுங்கோ. ஃபொயில் பலூனை முதல்நாளே அடிக்கலாம், அது நாள்க்கணக்கா நிக்கும். காத்து ஊதினதும் அப்பிடித்தான், முதல்நாளே பம்பால ஊதி நிழல்ல வைக்கலாம்.

5 இஞ்சிக் குட்டிப் பலூன்

அதுக்குக் காத்து மட்டும்.

மலிவு காஸ்

ஹீலியம் எண்டு சொல்லி ஆராவது அரை விலைக்குத் தந்தா அது ஹைட்ரஜனா இருக்கலாம். அது நல்லாப் பறக்கும், ஆனா நெருப்புப் பொறி பட்டா எரியும். 2012 மே மாதம் ஆர்மேனியாவில, யெரெவான் நகரத்தில ஒரு தேர்தல் கூட்டத்தில அப்பிடிக் காஸ் நிரப்பின பலூன் கொத்து வெடிச்சு நூறு பேருக்கு மேல காயம். நீங்கள் அதைக் கட்டுறது மெழுகுதிரி கொளுத்துற கேக்குக்குப் பக்கத்தில.

குரல் மாத்த ஹீலியம் உறிஞ்சிறது

ஒருத்தரையும் விடாதேங்கோ, சிலிண்டர் வாயில நேர வைக்கிறதை அறவே விடாதேங்கோ.