அப்பா பேனாவை எடுக்கும் முன்

பெங்களூரிலும் ஓசூர் சிப்காட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வந்து அப்பாவின் கடனை ஒரே மூச்சில் சரிசெய்யப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை, சட்ட உதவித் தன்னார்வலரான என்னிடம் வந்து நிற்பார்கள். வசூலுக்கு வந்தவர் மேல் கை வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். பிள்ளைகள் அறியாமல் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

எந்தக் கடன் என்று பார்க்காமல் சட்டம் பேசுவது

வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன் என்றால் காலை 9 முதல் மாலை 6 வரைதான். இதை ஊர் வட்டிக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். அவருக்கு 2003-ம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, புகார் போலீஸ் ஸ்டேஷனில். ஆகவே முதலில் காகிதத்தைப் பாருங்கள்.

"கொஞ்சம் கொடுத்து அனுப்பிடலாம்"

இன்னும் நான் பல்லைக் கடிப்பது இதற்குத்தான். காரிமங்கலம் பக்கம் ஒரு பெரியவர், தக்காளிச் செலவுக்குப் புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்திட்ட சீட்டு) எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தார். பெரும்பகுதியைச் சந்தைக்குச் சந்தை கையில் கொடுத்தே அடைத்தும் விட்டார். ரசீது கிடையாது. நோட்டும் திரும்பி வரவில்லை. நோட்டு எழுதி மூன்று வருடம் முடியச் சில வாரம் இருக்கையில் கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வந்தார். மிரட்டல் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்று மகனுக்குக் கூச்சம். "இதை வச்சுக்குங்க மாமா, மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்று 2,000 ரூபாயை நீட்டினான். "சரி தம்பி, வரவு வச்சுக்கிறேன். அப்பாவை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு" என்று அவர் நோட்டைத் திருப்பினார்.

பின்பக்கத்து அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் வந்ததே. கேட்கும்போது தருகிறேன் என்று எழுதிய புரோநோட்டின் பேரில் வழக்குப் போட, 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி நோட்டுத் தேதியிலிருந்து 3 வருடம்தான் கெடு. அதற்குள் ஒரு தொகையைக் கொடுத்து, கொடுத்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம். பணமே கொடுக்காமல் 'இவ்வளவு பாக்கி' என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் அதேதான். கெடு முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றும் இருக்க முடியாது. பழைய கடனைத் தருகிறேன் என்று எழுத்தில் கையெழுத்திட்டால் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ம் பிரிவுப்படி அது செல்லும். "நோட்டு பழசாயிடுச்சு, மாத்திக்கலாம்" என்று வருகிறார்களே, காரணம் இதுதான்.

முழுத் தொகைக்கும் வட்டியோடு வழக்கு வந்தது. அடைத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பாக்கி இருப்பதற்கு மட்டும் அப்பாவின் கையெழுத்து, மகன் கண்ணெதிரில் போட்டது.

கடனை ஏமாற்றச் சொல்லவில்லை. எழுத்தில் கணக்குக் கேளுங்கள், அப்பா சொல்லும் கணக்கோடு ஒத்துப் பாருங்கள், தீர்க்கிற அன்றைக்கே நோட்டைக் கையில் வாங்குங்கள். அதுவரை "பார்த்துட்டுச் சொல்றேங்க மாமா" போதும்.

வந்தவர் எதிரில் அப்பாவைத் திட்டுவது

அடுத்த கடனை உங்களிடம் சொல்லவே மாட்டார்.

வசூல் பையனின் சொந்த எண்ணுக்கு ஜிபே

கூடாது.

"அப்பா கடன் என் கடன்" என்று ஒத்துக்கொள்வது

ஜாமீன் கையெழுத்துப் போடாத பிள்ளையிடம் சட்டப்படி கேட்க முடியாது. அப்பா காலத்துக்குப் பிறகும், அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. போட்டிருந்தால் வேறு கதை: கடன் வாங்கியவரை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வரலாம்.

கோர்ட் தபாலைத் திருப்பி அனுப்புவது

வாங்குங்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். கடன் அம்மா பேரில் என்றால், பெண் என்பதாலேயே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

முதல் நாளே ரிசர்வ் வங்கிக்குப் புகார்

முதலில் அந்த வங்கிக்கோ கம்பெனிக்கோ எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோதான் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. இடையில் யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று அம்மாவை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். புகாரோடு அதன் நகலையும் வைக்கலாம்.