நிச்சோ கதவு கழன்றபோது செய்தது

புனிதர் உருவம் வைக்கும் மெக்சிகோ தகரப் பேழைதான் நிச்சோ. என் கைக்கு வந்ததில் கண்ணாடிக் கதவின் கீல் விட்டுப்போய், சால்டர் (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) வைத்த இடமெல்லாம் துரு. ஈரம் மட்டும் காரணமில்லை. சால்டர் ஒட்டுவதற்காகத் தடவி, துடைக்காமல் விட்ட அமில ஃப்ளக்ஸ் (துத்தநாகக் குளோரைடு) காற்றின் ஈரத்தை இழுத்து வெள்ளீயப் பூச்சைத் தின்றுவிடும். அடியில் இருப்பது இரும்புத் தகடு.

முதலில் கண்ணாடியை எடுக்கணும், உள்ளே வைத்தபடி சூடு காட்டினால் விரிசல் விடும். மடித்த தகர நாக்குகளை மூங்கில் குச்சியால் மெல்ல நிமிர்த்தினேன். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். பூக்கள் கண்ணாடியின் பின்பக்கம் தீட்டியவை, அங்கே ஈரத்துணி பட்டால் வண்ணம் செதிலாகப் பெயரும். முன்பக்கம் மட்டும் துடைத்தேன்.

துருவை நைலான் பிரஷ்ஷால் உலர்வாகவே தேய்த்தேன். உப்புத்தாள் வேண்டாம், மிச்சப் பூச்சும் போய்விடும். 60 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 (வெள்ளீயம்/காரீயம்) சால்டர், ரோசின் (மரப்பிசின்) ஃப்ளக்ஸ். சில நொடியில் கீல் பிடித்தது. ரோசினை ஸ்பிரிட்டால் துடைத்து, மேலே மெல்லிய மெழுகு. நாக்குகளை மறுபடி மடிக்கும்போது கண்ணாடியை இறுக்கவில்லை, அரை மி.மீ. ஆட்டம் இருக்கட்டும்.

தகரத்தின் மேலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய 19ஆம் நூற்றாண்டு ரெத்தாப்லோ (புனிதர் ஓவியம்) என்றால், அயர்னைத் தொட்டே இருக்கமாட்டேன்.