யூடியூப் கமெண்ட்ல வெறுப்புப் பேச்சு: முதல் தடவை ரிசர்ச் பண்றவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

மாஸ் கம்யூனிகேஷன், சோஷியாலஜி படிக்கிற பசங்களும் சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபைனல் இயர் பசங்களும் சரி, இப்பல்லாம் "ஹேட் ஸ்பீச் மேல ப்ராஜெக்ட் பண்ணலாமா"ன்னு கேக்குறாங்க. தாராளமா பண்ணுங்க, தமிழ்ல இன்னும் பண்ண வேண்டியது நெறைய கெடக்கு. ஆனா முக்காவாசிப் பேர் எடுத்த எடுப்புலயே பைத்தான் இன்ஸ்டால் பண்ணி, ஏதோ ஒரு மாடல (கமெண்ட்ட தானா வகை பிரிக்கிற ப்ரோக்ராம்) டவுன்லோட் பண்ணி, அக்யூரசி எவ்ளோ வருதுன்னு பாக்க உக்காந்துடுறாங்க, எதைத்தான் வெறுப்புன்னு சொல்றோம்னு ஒரு தடவ கூட உக்காந்து பேசிக்கிறதில்ல. அதனால இந்தப் பதிவுல கோடிங் கிட்டத்தட்ட கிடையாது. ஒரு லேப்டாப், கூகுள் ஷீட்ஸ், கூட ஒக்காந்து லேபிள் போட (ஒவ்வொரு கமெண்ட்டும் எந்த வகைன்னு குறிக்க) ரெண்டு மூணு பேர், அவ்ளோதான் தேவை.

ஸ்டெப் 1: கேள்விய சின்னதாக்குங்க

"சமூக ஊடகங்களில் வெறுப்புப் பேச்சு: ஓர் ஆய்வு"ன்னு தலைப்பு வச்சீங்கன்னா உங்க கைடு சந்தோஷப்படலாம், நீங்க மாட்டிக்குவீங்க. ஒரே ஒரு தளம், ஒரே ஒரு குழு மேல வர்ற பேச்சு, ஒரு குறிப்பிட்ட காலம், இப்படி மூணு பக்கமும் வேலி போடுங்க.

இந்தப் பதிவு முழுக்க ஒரு உதாரணத்தையே புடிச்சுட்டுப் போவோம். வடமாநிலத் தொழிலாளர்கள் பத்தின தமிழ் நியூஸ் வீடியோவுக்குக் கீழ வர்ற கமெண்ட்ஸ். 2023 மார்ச்ல, தமிழ்நாட்டுல பீகார் தொழிலாளர்கள அடிக்கிறாங்கன்னு போலி வீடியோக்கள் பரவுச்சு, தமிழ்நாடு போலீஸ் அது பொய்னு சொல்லி, பரப்புனவங்க மேல கேஸும் போட்டாங்க. அந்த நேரத்துல ரெண்டு பக்கமும் கமெண்ட் பாக்ஸ் கொதிச்சது பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்ப கேள்வி இப்படி இருக்கலாம்: ஒரு தனி ஆள் செஞ்ச குற்றத்தப் பத்தின நியூஸுக்குக் கீழ, எத்தன கமெண்ட் அந்த ஆளத் திட்டுது, எத்தன கமெண்ட் அவன் வந்த ஊர்க்காரங்க மொத்த பேரையும் திட்டுது? இது எண்ணிப் பாக்கக்கூடிய கேள்வி, மூணு மாச ப்ராஜெக்டுக்குள்ள அடங்கும்.

ஸ்டெப் 2: டெஃபனிஷன்

இங்கதான் நேரம் செலவழிக்கணும். முதல்ல சட்டத்தையும் ஆராய்ச்சியையும் குழப்பிக்காதீங்க. குழுக்களுக்கு நடுவுல பகையத் தூண்டுறது குற்றம்னு சொல்ற பழைய ஐபிசி 153ஏ இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல பிரிவு 196ஆ இருக்கு, 2024 ஜூலை 1லேர்ந்து அமல்ல இருக்கு, அதுபோக 1989 எஸ்சி/எஸ்டி வன்கொடுமை தடுப்புச் சட்டம் தனியா இருக்கு. இதெல்லாம் "தண்டிக்கலாமா"ன்னு கேக்குற சட்டங்க. உங்க கேள்வி அது இல்ல. "இவர் மேல கேஸ் போடலாம்"னு ரிப்போர்ட்ல எழுதுற வேலை நமக்கு எதுக்கு.

ஐநா பக்கத்துலேர்ந்து 2012ல வந்த ராபாட் செயல்திட்டத்த ஒரு தடவ படிச்சிடுங்க. ஒரு பேச்ச குற்றமாக்குற அளவுக்குத் தூண்டுதலான்னு முடிவு பண்ண ஆறு விஷயம் பாக்கணும்னு அதுல இருக்கு: சூழல், பேசுறவர் யாரு, அவர் நோக்கம், பேச்சோட உள்ளடக்கமும் வடிவமும், எவ்ளோ தூரம் பரவுது, தீங்கு நடக்க எவ்ளோ வாய்ப்பு. இதுல கமெண்ட்ட மட்டும் வச்சுகிட்டு நமக்குத் தெரியறது ஒண்ணு ரெண்டுதான். யாரோ ஒரு ப்ரொஃபைல் படம் இல்லாத ஆள் போட்ட நாலு வார்த்தையில நோக்கத்த எங்க போய் தேடுறது? அதனால "நோக்கம்"ங்கிற வார்த்தைய உங்க டெஃபனிஷன்ல போடாம இருக்கிறது உத்தமம்.

இன்னொரு பெரிய பொறி, கெட்ட வார்த்தை இருந்தா வெறுப்புன்னு எடுத்துக்கிறது. 2017ல தாமஸ் டேவிட்சனும் கூட இருந்தவங்களும் வெறுப்புச் சொல்லுன்னு தொகுத்த லிஸ்ட் ஒண்ண வச்சுத் தேடி எடுத்த சுமார் 25,000 ஆங்கில ட்வீட்டுகள ஆள் வச்சுக் குறிக்கச் சொன்னாங்க, வெறுப்பு, வெறும் ஆபாசம் அல்லது வசவு, ரெண்டும் இல்லன்னு மூணு பெட்டி. வெறுப்புச் சொல் லிஸ்ட் வச்சே தேடி எடுத்தும், பெரும்பான்மையா வெறுப்புன்னு குறிச்சது 5 சதவீதம்தான். மிச்சத்துல பெரும்பகுதி வெறும் வசவு. தமிழ்லயும் அதேதான், சொல்லப்போனா நம்மாளுங்க பாசத்துலயே "டேய் நாயே, சூப்பரா பண்ணிருக்கடா"ன்னு போடுறவங்க.

அதனால ஒரு கமெண்ட்டுக்கு ஒரே லேபிள் போடாதீங்க, ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, இதுல யாரையாவது இழிவா பேசுதா? ரெண்டு, ஆமான்னா, அவங்க செஞ்ச காரியத்துக்காகவா, இல்ல அவங்க பொறந்த சாதி, மதம், ஊர், மொழி, பாலினம் இதுக்காகவா? ரெண்டாவதுதான் நமக்கு வெறுப்புப் பேச்சு. தமிழ் யூடியூப் கமெண்ட்டுகள வச்சு 2021ல திராவிட மொழிகளுக்கான ஒரு ஆய்வுப் போட்டி நடந்துச்சு, சுமார் 44,000 தமிழ்-ஆங்கிலம் கலந்த கமெண்ட் அதுல இருந்துச்சு. அவங்க ஆறு லேபிள் வச்சாங்க: வசவு இல்ல, குறி வைக்காத வசவு, தனி ஆள் மேல, குழு மேல, மத்தது மேல, தமிழே இல்ல. அந்த கடைசி லேபிள் சும்மா இல்ல, தமிழ் வீடியோவுக்குக் கீழ மலையாளம், தெலுங்கு, இந்தின்னு எல்லாம் வரும், உங்க ஷீட்லயும் அதுக்கு ஒரு எடம் விட்டு வைங்க.

ஸ்டெப் 3: கமெண்ட் சேக்குறது

யூடியூப் டேட்டா ஏபிஐ (நம்ம ப்ரோக்ராம் நேரா யூடியூப்கிட்ட டேட்டா கேட்டு வாங்குற வழி) இலவசம். ஒரு நாளைக்கு 10,000 யூனிட் தருவாங்க, கமெண்ட் கேக்குற ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு 1 யூனிட், ஒரு ரிக்வெஸ்ட்ல 100 கமெண்ட் வரைக்கும் வரும். கோடு எழுதத் தெரிஞ்ச ஃப்ரெண்ட் ஒருத்தர புடிச்சா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். எல்லாத்தையும் ஷீட்ல கொட்டி, பக்கத்துல ரேண்ட் (RAND) ஃபங்ஷன் போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஏதோ ஒரு தற்செயல் நம்பர் வர வச்சு, அந்த நம்பர் வரிசையில சார்ட் பண்ணி, மேல இருக்கிற 500 எடுத்துக்கங்க. "டாப் கமெண்ட்ஸ்" மட்டும் எடுத்தா அது யூடியூப் உங்களுக்காகப் பொறுக்கிக் கொடுத்தது, ஊர் பேசுறது இல்ல.

இன்னொன்னு, ஒரே ஆள் எழுதினதுக்கு உச்சவரம்பு வைங்க. 2016ல வாசீம், ஹோவி ரெண்டு பேரும் வெளியிட்ட ட்விட்டர் தொகுப்புல கிட்டத்தட்ட 17,000 ட்வீட். இந்தத் துறையில அதப் பயன்படுத்தாத ஆளே இல்லங்கிற அளவுக்குப் பிரபலம். அதுல இனவெறின்னு குறிச்ச 1,972 ட்வீட்டும் யார் போட்டதுன்னு பாத்தா வெறும் 9 பேர்! அத வச்சுப் பயிற்சி கொடுத்த மாடல் இனவெறியக் கத்துக்குதா, அந்த 9 பேரோட எழுத்து ஸ்டைலக் கத்துக்குதா? ஒரு ஆளுக்கு 3 கமெண்ட்டுக்கு மேல வேணாம்.

பேர எடுத்துட்டு ஆள்1, ஆள்2ன்னு கோடு மட்டும் வைங்க, பேரும் கோடும் இருக்கிற ஃபைல் தனியா, பாஸ்வேர்டோட. காலேஜ்ல எதிக்ஸ் கமிட்டி இருந்தா டேட்டா தொடுறதுக்கு முன்னாடியே அனுமதி வாங்கிடுங்க, பின்னாடி வாங்கித் தர்றேன்னா எந்த ஜர்னலும் ஒத்துக்காது.

ஸ்டெப் 4: கைட்லைன் எழுதுறது

கைட்லைன்னா, எந்த மாதிரி கமெண்ட்டுக்கு எந்த லேபிள்னு லேபிள் போடுறவங்களுக்கு சொல்ற விதிமுறை. ரெண்டு பக்கம் போதும், ஆனா உதாரணம் நெறைய இருக்கணும். சில மாதிரி கமெண்ட் பாப்போம், எல்லாம் நானே எழுதினது, யாரோடதும் இல்ல.

"திருடுன நாய தூக்கி உள்ள போடுங்க சார்." வசவு இருக்கு, தனி ஆள் மேல, செஞ்ச காரியத்துக்காக. வெறுப்பு இல்ல.

"வடக்கனுங்க வந்ததுலேர்ந்து ஊரே நாசம், எல்லாத்தையும் ட்ரெயின் ஏத்தி அனுப்புங்க." ஒரு கெட்ட வார்த்தை கூட இல்ல. ஆனா ஒருத்தன் செஞ்சதுக்கு மொத்த கூட்டத்தையும் வெளியேத்தச் சொல்லுது. வெறுப்பு. கெட்ட வார்த்தை லிஸ்ட் வச்சுத் தேடுனா இது சிக்கவே சிக்காது.

"பான்பராக் பார்ட்டி வந்தாச்சு 😂" இது எப்படி? வெளியூர் ஆளுக்கு இது ஒண்ணுமே இல்ல, ஏதோ பாக்கு ஜோக். இங்க இருக்கிறவங்களுக்கு யாரச் சொல்றாங்கன்னு தெரியும், எதுக்காக சொல்றாங்கன்னும் தெரியும். இந்த மாதிரி மறைமுக வார்த்தைகளுக்குன்னு கைட்லைன்ல ஒரு தனிப் பட்டியல் போட்டு, கமெண்ட் படிக்கப் படிக்க அத வளத்துட்டே போங்க. சாதி பத்தி ப்ராஜெக்ட் பண்றவங்களுக்கு இது இன்னும் முக்கியம். "நாடகக் காதல்"ங்கிற சொல்ல அகராதிய வச்சுப் பாத்தா ஒரு தப்பும் கிடையாது. 2012 நவம்பர்ல தர்மபுரி பக்கம் நத்தம் காலனியும் சுத்தி இருந்த தலித் குடியிருப்புகளும் கொளுத்தப்பட்ட சமயத்துல அந்தச் சொல், தலித் பசங்க மத்த சாதிப் பொண்ணுங்கள காதல்னு நடிச்சு ஏமாத்துறாங்கன்னு குத்தம் சாட்ட, எப்படி அரசியல் மேடையில ஓடுச்சுன்னு தெரிஞ்சாத்தான், இன்னிக்கு ஒரு கல்யாண வீடியோவுக்குக் கீழ அது வரும்போது யார் மேல பாயுதுன்னு புரியும். "கோட்டா"வும் அப்படித்தான், "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கெடச்சுச்சு"ன்னா தகவல், "இந்த டாக்டர் கோட்டாவா இருக்கும்"னா விஷம்.

"என்னைய வேலை எடத்துல வடக்கன் வடக்கன்னுதான் கூப்புடுவாங்க, பேர் சொல்லி ஒருத்தனும் கூப்புட்டதில்ல." வார்த்தை அதேதான், ஆனா இது பாதிக்கப்பட்டவரோட பேச்சு. இத வெறுப்புன்னு குறிச்சா வாய் தொறந்து பேசுறவனையே அடக்குற வேலை ஆகிடும். மெஷின்கள் இங்கதான் அடிக்கடி கோட்ட விடும். 2021ல ஹேட்செக்னு ஒரு சோதனைத் தொகுப்பு வந்துச்சு, 29 வகையான சோதனை, 3,728 வாக்கியம், அதுல வெறுப்ப மேற்கோள் காட்டி எதுத்துப் பேசுற வாக்கியத்த அப்ப இருந்த நல்ல நல்ல மாடல்களே வெறுப்புன்னு குறிச்சதக் காட்டுனாங்க.

ஸ்டெப் 5: லேபிள் போடுறது

குறைஞ்சது ரெண்டு பேர், தனித்தனி ஷீட்ல, ஒருத்தரோடத ஒருத்தர் பாக்காம. வாட்ஸப்ல "இதுக்கு நீ என்ன போட்ட"ன்னு கேட்டுக்கக் கூடாது, அது ஆரம்பிச்சா ரெண்டு பேர் வேலையும் ஒரு ஆள் வேலையா மாறிடும்.

யார உக்கார வைக்கிறோம்ங்கிறதும் ரிசல்ட்ட மாத்தும். 2019ல மார்ட்டன் சாப் குழு அமெரிக்காவுல காட்டுனது என்னன்னா, கறுப்பினத்தவர் பேசுற ஆங்கில நடையில இருக்கிற ட்வீட்ட, ஆள் வச்சு லேபிள் போட்ட ட்வீட் தொகுப்புகள வச்சுப் படிச்ச மாடல்கள் ரெண்டு மடங்கு வரைக்கும் அதிகமா "வசவு"ன்னு குறிச்சது. நம்மூர்ல வடசென்னைப் பேச்சுக்கும் மதுரைப் பேச்சுக்கும் இது நடக்காதுன்னு என்ன நிச்சயம்? எல்லாரும் ஒரே ஊர், ஒரே சாதி, எல்லாரும் ஆம்பளைங்கன்னு ஒரு குழு வச்சுகிட்டு "பாரபட்சமில்லாம குறித்தோம்"னு எழுதாதீங்க. யார் யார் உக்காந்தாங்கன்னு பேர் சொல்லாம ரிப்போர்ட்ல எழுதுங்க.

மனசையும் பாத்துக்கங்க, இது சம்பிரதாயத்துக்கு சொல்றதில்ல. கண்டென்ட் மாடரேட்டர் வேலை பாத்து மனநலம் கெட்டவங்களுக்காக ஃபேஸ்புக் 2020ல 5.2 கோடி டாலர் தர ஒத்துகிட்டுச்சு. நம்ம 500 கமெண்ட் அந்த அளவுக்கு இல்ல, ஆனாலும் ஒரு தடவைக்கு 50, அப்புறம் எந்திரிச்சுப் போயிடணும், ராத்திரி படுக்கப் போற நேரத்துல வேணவே வேணாம். திட்டு வாங்குற சமூகத்துலேர்ந்தே வந்த ஆள் உங்க டீம்ல இருந்தா, எந்த நேரமும் காரணம் சொல்லாம விலகிக்கலாம்னு முதல் நாளே சொல்லிடுங்க.

ஸ்டெப் 6: ரெண்டு பேரும் எவ்ளோ ஒத்துப்போனாங்க

"85 சதவீதம் ஒரே மாதிரி போட்டோம்"னு எழுதிட்டு ஓடிடக் கூடாது, ஏன்னா குருட்டாம்போக்குல போட்டாலே பாதிக்கு மேல ஒத்துப்போகும். அதுக்குத்தான் ஜேக்கப் கோஹன் 1960ல கொடுத்த கப்பா, தற்செயலா ஒத்துப்போறதக் கழிச்சுட்டு நெஜமா எவ்ளோ ஒத்துப்போனாங்கன்னு காட்டுற எண். பாக்க பயமா இருக்கும், கணக்கு ரொம்ப சின்னது.

200 கமெண்ட்னு வைங்க. ரெண்டு பேருமே வெறுப்புன்னு போட்டது 30, ரெண்டு பேருமே இல்லன்னு போட்டது 140. முதல் ஆள் மட்டும் வெறுப்புன்னது 20, ரெண்டாவது ஆள் மட்டும் வெறுப்புன்னது 10. ஒத்துப்போனது 170, அதாவது 0.85. இப்ப முதல் ஆள் மொத்தம் 50 வெறுப்பு, 0.25. ரெண்டாவது ஆள் 40, 0.20. தற்செயலா ரெண்டு பேரும் வெறுப்புன்னு சேர்ற வாய்ப்பு 0.25 பெருக்கல் 0.20, அது 0.05. தற்செயலா ரெண்டு பேரும் இல்லன்னு சேர்றது 0.75 பெருக்கல் 0.80, அது 0.60. கூட்டுனா 0.65. கப்பா = (0.85 − 0.65) ÷ (1 − 0.65), சுமார் 0.57.

பாத்தீங்களா, 85 சதவீதம்னு கெத்தா இருந்தது 0.57ஆ இறங்கிடுச்சு. 1977ல லாண்டிஸ், கோச் போட்ட அளவுகோல்படி 0.41லேர்ந்து 0.60 வரைக்கும் "மிதமான" உடன்பாடு. அந்த அளவுகோல வேதமா எடுத்துக்க வேணாம், கோடு கிழிச்ச எடத்துக்கு பெரிய காரணம் ஒண்ணும் அவங்களே சொல்லல. மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, இல்ல நடுவுல சில கமெண்ட்ட சிலர் விட்டிருந்தா, கப்பா மாதிரியே இன்னொரு அளவான கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா போடுங்க.

ஸ்டெப் 7: அந்த 30 கமெண்ட்

எனக்குப் புடிச்ச ஸ்டெப் இதுதான், எல்லாரும் தாண்டிப் போறதும் இதத்தான். மேல கணக்குல ஒத்துப்போகாத 30 கமெண்ட் இருக்கே, அத பிரிண்ட் எடுத்து டேபிள்ல பரப்பி ஒண்ணொண்ணா பேசுங்க. பெரும்பான்மை ஓட்டு போட்டு முடிச்சுடாதீங்க. ஏன் பிரிஞ்சோம்னு ஒரு காரணம் எழுதுங்க: கிண்டல் புரியல, மறைமுகச் சொல் ஒருத்தருக்குத் தெரியல, கமெண்ட் எதுக்கு பதில்னு தெரியல, கைட்லைன்லயே ஓட்டை, இல்ல நெஜமாவே கருத்து வேறுபாடு. கைட்லைன் ஓட்டைய அடைச்சுட்டு புதுசா 100 கமெண்ட் எடுத்து மறுபடி குறிங்க. கடைசி வகைய மட்டும் தொடாதீங்க, ரெண்டு லேபிளையும் அப்படியே வச்சுக்கங்க. ஒரே வரி ஒருத்தருக்கு ஜோக்காவும் இன்னொருத்தருக்கு அடியாவும் ஏன் படுதுங்கிறதே ஒரு முழு சாப்டருக்கான விஷயம், அத ஒரே எண்ணா நசுக்கிட்டா உங்க ஆய்வுல சுவாரசியமான பகுதியே போயிடும்.

ஸ்டெப் 8: எழுதுறது

எண்ணிக்கைய சொல்லுங்க, ஆனா "தமிழர்கள் இவ்வளவு சதவீதம் வெறுக்கிறார்கள்"னு மட்டும் எழுதிடாதீங்க, நீங்க பாத்தது சில வீடியோவுக்குக் கீழ கமெண்ட் போட்டவங்கள மட்டும்தான். கமெண்ட் போடுறவன் பொறவிலயே அப்படின்னும் முடிவு கட்டாதீங்க. 2017ல ஜஸ்டின் செங் குழு ஒரு பரிசோதனை பண்ணாங்க, சிலருக்கு கஷ்டமான புதிர் கொடுத்து மூட் அவுட் ஆக்கிட்டு, ஏற்கனவே வம்புக் கமெண்ட் இருக்கிற பக்கத்துல எழுதச் சொன்னாங்க. நல்ல மூட்ல, சுத்தமான பக்கத்துல எழுதுனவங்ககிட்ட 35 சதவீதமா இருந்த வம்பு, இங்க 68 சதவீதமாச்சு. அதனால உங்க ஷீட்ல முதல் சில கமெண்ட் எப்படி இருந்துச்சுன்னு இன்னொரு காலம் (நெடுவரிசை) சேத்துக்கிட்டா ரொம்பப் பிரயோஜனமா இருக்கும்.

உதாரணம் காட்டும்போது ஒரிஜினல் கமெண்ட்ட வார்த்தை மாறாம போடாதீங்க, கூகுள்ல தேடுனா ஆள் சிக்கிடுவார், கருத்து மாறாம வேற வார்த்தையில எழுதுங்க. கைட்லைனோட எல்லா வெர்ஷனையும் தேதி போட்டு பின்னிணைப்புல சேருங்க, வைவாவுல முதல் கேள்வி அதுலேர்ந்துதான் வரும். மாடல் ட்ரெயின் பண்ண ஆசை இருந்தா இதுக்கப்புறம் ஆரம்பிங்க.