கைக்குழந்தையோடு அருங்காட்சியகம் போகிறீர்களா?

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால் ஒரே நாளில் நான்கு இடம் காட்டிவிடத் தோன்றும். கைக்குழந்தை இருந்தால் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

ஆறு மாதக் குழந்தை பொதுவாகத் தொடர்ந்து இரண்டு, மூன்று மணி நேரம்தான் விழித்திருக்கும். அதனால் அருங்காட்சியகம் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். கூட்டமும் குறைவு, குழந்தையும் தெளிவாக இருக்கும். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை என்பதால், திறந்திருக்குமா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டியை உள்ளே விடுவார்களா, லிஃப்ட் உண்டா, பாலூட்டும் அறை எங்கே என்பதையும் போனில் கேட்டுவிடலாம். வண்டிக்கு அனுமதி இல்லையென்றால் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் குழந்தைப் பைதான் கை கொடுக்கும். முதுகில் மாட்டும் பையைச் சில இடங்களில் தடுப்பார்கள். உள்ளே ஏசி குளிரும், ஒரு மெல்லிய போர்வை வேண்டும்.

அப்புறம், எல்லோரும் சேர்ந்தே சுற்ற வேண்டுமென்று பிடிவாதம் வேண்டாம். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் நுழைவாயிலிலேயே முடிவு செய்துவிட்டுப் பிரிந்து போங்கள். கால்வலிக்கும் பெரியவர் ஒருவர் எப்படியும் பெஞ்சைத் தேடுவார். குழந்தை தூங்கிவிட்டால் அவர் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நீங்களும் ஒரு கூடத்தை நிம்மதியாகப் பார்த்துவிட்டு வரலாம்.